பல் விளக்காத காலை

எழிலரசி மூன்று வருஷமாக எச்சில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் முகம் சுளிக்கத் தோன்றும், தோன்றட்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவளைப் பெற்ற அம்மாவே, உன் பெண் சிதம்பரத்தில் என்னதான் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று யாராவது கேட்டால், ஏதோ ஹார்மோனாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சைக் கத்தரிக்காய் விலைக்குத் திருப்பிவிடுவாள். எம்.எஸ்ஸி. முடித்து, பிஎச்.டி. பண்ணுகிறேன் என்று கிளம்பி, கல்யாணமான பெண்கள் துப்புகிற எச்சிலைக் குழாயில் பிடித்து ஐஸ் பெட்டியில் சுமந்து வருகிற மகளைப் பற்றி அந்த அம்மா வேறென்ன பெருமை பேசுவாள், பாவம்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த எச்சிலில் விஷயம் இருந்தது. நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் என்று ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அதற்குள் ஒரு நொதி சோம்பேறியாக இருந்துவிடும். கார்டிசால் என்ற ஹார்மோனாக மாற வேண்டிய சரக்கு பாதி வழியில் தேங்கும். தேங்கியது சும்மா கிடக்காமல் ஆண் ஹார்மோனாக மாறி உடம்பைச் சுற்றும். பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு தப்பும், தாடையில் முடி முளைக்கும், கருமுட்டை பக்குவப்படாது. ஊரே சேர்ந்து கர்ப்பப்பையைத் திட்டிக்கொண்டிருக்கும். கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் ஒரு சின்ன மாத்திரைதான்.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. தேங்கிய சரக்கு விடிகாலையில், தூங்கி எழுகிற வேளையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற வடிந்து, நோயில்லாதவர்களின் அளவுக்கே வந்து நின்றுவிடும். அதனால் எழுந்த உடனே, பல் விளக்காமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் துப்பிய எச்சில்தான் வேண்டும். சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆய்வு மையத்தில் பேராசிரியர் நடனசபாபதி இந்த முறையை வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்து எழிலரசி கையில் கொடுத்திருந்தார். மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும்.

எழிலரசி கடலூர் முதுநகர், திருவந்திபுரம், சிதம்பரத்துத் தேர் வீதிகள் என்று குழந்தையில்லாத பெண்களைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். பல் விளக்கக்கூடாது என்பதை ஒவ்வொருத்தியிடமும் வாய் வலிக்கச் சொன்னாள். எல்லாரும் சரிங்க சரிங்க என்று தலையை ஆட்டினார்கள். எச்சில் குழாயைப் பால் இருக்கிற ஃப்ரிட்ஜில் எந்த வீட்டிலும் வைக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே யோசித்து ஆளுக்கொரு சின்ன ஐஸ் ஃபிளாஸ்க் கொடுத்தவள் அவள். நம்ம ஊர் நமக்குத் தெரியாதா என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

2010ஆம் வருஷம் ஆய்வு முடிந்து பார்த்தால், அத்தனை பேரும் நார்மல். ஒருத்திக்குக்கூட அட்ரினல் கோளாறு இல்லை. நடனசபாபதிக்கு அதுவும் ஒரு முடிவுதான். இந்த வட்டாரத்தில் அந்த நோய் இல்லை என்று சென்னைக் கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். எழிலரசிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காரணம், கீழவீதி அகிலாண்டம்.

அகிலாண்டத்துக்கு வயது முப்பத்திரண்டு, கல்யாணமாகி ஒன்பது வருஷம். புருஷன் சிவகுரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தங்கமான மனுஷன், வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். அகிலாண்டத்துக்கு விலக்கு மூன்று மாதம் வராது, ஐந்து மாதம் வராது. தாடை முடியை யாருக்கும் தெரியாமல் பிடுங்கிக்கொள்வாள். நோய்க்குறி எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தும் அவள் எச்சில் நார்மல் என்று வந்தது. சினைப்பையில்தான் கோளாறு என்று கடலூரில் ஒரு மருத்துவமனையில் ஏற்கெனவே இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆய்வு மையத்தின் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த அங்கத்து டாக்டர், அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், மூன்றாவது ஆபரேஷன் செய்துவிடலாம், இதற்கு மேல் அந்தச் சினைப்பை தாங்காது, இதுதான் கடைசி என்று வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தேதி குறித்துவிட்டார். ஆபரேஷன் மேஜைமேல் படுப்பதை நினைத்தாலே கை சில்லிட்டுப் போகிறது என்று அகிலாண்டம் எழிலரசியிடம் சொல்லியிருந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எழிலரசி மையத்தில் தனியாக உட்கார்ந்து, உறைபெட்டியில் மிச்சமிருந்த எச்சில் குழாய்களைத் தூக்கிப்போடுமுன் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். ஒரு குழாய் இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறில் ரத்தம் கசிந்திருக்கும் என்று சோதனைக்கூடத்து ஆள் அப்போதே ஒதுக்கிவைத்த குழாய் அது. உருகியதும் மூடியைத் திறந்தாள். லவங்கம் மணத்தது. எழிலரசிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. மறுபடி முகர்ந்து பார்த்தாள். அட கடவுளே, ரத்தமாவது ஒன்றாவது, அது சிவப்புப் பற்பொடி!

பக்கத்துக் குழாயைத் திறந்தாள், புதினா பேஸ்ட் வாசனை. இன்னொன்றில் ஒரு வாசனையும் இல்லை, ஆனால் காபி நிறம். படபடவென்று போனை எடுத்து முதுநகரில் இரண்டு பேருக்கும் திருவந்திபுரத்தில் ஒருத்திக்கும் அடித்து, கோபித்துக்கொள்ள மாட்டேன், உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்டாள். மூன்று பேரும் முதலில் மழுப்பினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் பல் விளக்கியிருந்தார்கள். ஒருத்தி உப்புத் தண்ணீரில் வேறு கொப்புளித்திருந்தாள், மேடத்துக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று.

அன்றைக்கே கீழவீதிக்கு நடந்தாள். அகிலாண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிமணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எழிலரசி சுற்றி வளைக்காமல் கேட்டாள். அகிலாண்டம் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக வந்தது விவரம். எழுந்திருக்கிறது என்னவோ நாலரைக்குத்தான், குழாயில் அந்த நேரத்தைத்தான் எழுதினாள். ஆனால் பல் விளக்கி, குளித்து, கோலம் போட்டு, சாமிக்கு விளக்கேற்றி, வீட்டில் எல்லாருக்கும் காபி கொடுத்து, தானும் ஒரு வாய் குடித்துவிட்டு, எட்டு மணிக்கு எழிலரசி வருகிற சமயம் பார்த்து அவசரமாகத் துப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"நான் அவ்வளவு சொன்னனேக்கா," என்றாள் எழிலரசி.

"சொன்னீங்க மேடம், இல்லேன்னு சொல்லல. தூங்கி எழுந்த வாயோட துப்பி, படிச்ச பொண்ணு உங்க கையில எப்பிடிங்க குடுக்கிறது? அது ஒரு மரியாதையா?"

எழிலரசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த முறையைச் சரிபார்க்க அவளே முதலில் தன் எச்சிலைக் கொடுத்தாள். அன்றைக்கு அவளும் லேசாக ஒரு கொப்புளிப்பு கொப்புளித்துவிட்டுத்தான் துப்பினாள். இதில் அடுத்தவளை என்ன சொல்வது. நம்ம ஊர் நமக்குத் தெரியாதா என்ற கர்வமெல்லாம் கப்பென்று அடங்கிப்போனது.

திங்கட்கிழமை காலையில் நடனசபாபதியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, சார், எல்லாம் குப்பை என்றாள். மூன்று வருஷத்துச் சாம்பிளும் குப்பை, சென்னைக்கு அனுப்பியது தப்பு, நம் பேச்சைக் கேட்டு ஒரு பெண் வெள்ளிக்கிழமை கத்திக்குப் போகப்போகிறாள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் முகம் சிவந்தது. ஏம்மா, நேரில் நின்று பார்க்காமல் அப்படி என்ன வேலை பார்த்தாய் என்று ஒரு கத்தல் போட்டார். அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நமக்கேன் வம்பு என்று போய்விட்டார்கள். எழிலரசி அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பல்லு வெளக்காம நான் எம் பொண்டாட்டிகிட்டகூட வாயத் தொறக்க மாட்டேன். இதே ஊர்ல பொறந்து வளந்திருக்கேன், எனக்கே தோணல பாரு. உன்னத் திட்டி என்ன பிரயோசனம்?"

சென்னைக்கு அனுப்பியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போதே கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் தன் தப்பைத் தானே ஊருக்கு அறிவிப்பது அவருக்குச் சுலபமில்லை என்று எழிலரசிக்குத் தெரியும். அவள் இன்னொன்றும் கேட்டாள். சோதனைக்கான கிட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஒரு தடவை பிரித்தால் நாற்பது பேர் எச்சிலை ஒரேயடியாகப் பார்த்துவிட வேண்டும், எடுத்து வைத்தால் கெட்டுவிடும். அதை இப்போது ஒரே ஒருத்திக்காகப் பிரிக்க வேண்டும். புதிய கிட் வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை எழிலரசியின் ஆய்வு அப்படியே நிற்கும். உனக்குச் சம்மதமா என்று அவர் கேட்டார். அவள் சம்மதம் என்றாள். அப்புறம் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாயே என்று அதற்கும் ஒரு கத்தல் விழுந்தது.

அகிலாண்டம் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. சிவகுரு லீவு போட்டாயிற்று, வண்டி சொல்லியாயிற்று, மறுபடியும் சோதனையா என்று சோர்ந்துபோய்க் கேட்டாள். அதைவிட, பல் விளக்காத வாயோடு கொடுப்பதற்கு அவள் உடம்பே கூசியது. இந்த வீட்டில் வாய் கழுவாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, மாமியார் அன்னபூரணிக்கு அது ஆகவே ஆகாது. எழிலரசி விடவில்லை. நாளைக் காலையில் நானே வந்து நிற்கிறேன், நீங்கள் எழுந்து அப்படியே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று கடலூர் போகாமல் சிதம்பரத்திலேயே ஒரு தோழி வீட்டில் தங்கினாள். செவ்வாய்க்கிழமை விடியுமுன் எழுந்து, தலையை மட்டும் முடிந்துகொண்டு, பல் விளக்காமல் தெருவில் இறங்கினாள். கிழக்குக் கோபுர வாசலில் பூக்கூடை இறக்கிக்கொண்டிருந்த தெரிந்த அம்மாள் ஒருத்தி, என்னம்மா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள். எழிலரசி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். படித்த பெண்ணுக்குத் திமிரைப் பார் என்று அந்த அம்மாள் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

கதவைத் திறந்தவள் அன்னபூரணி. குளித்து விபூதி பூசி, ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்தாள். எழிலரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே, நானும் இன்னும் பல் விளக்கவில்லையம்மா, எட்டியே நிற்கிறேன் என்றாள். உள்ளே அகிலாண்டமும் அதேபோல வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி நின்றிருந்தாள். அன்னபூரணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருமகள் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல.

"எம் பையன் தின்னு போட்ட எச்சிலத் தின்னுதான் அவன வளத்தேன்," என்றாள் அன்னபூரணி. "எச்சிலு தீட்டுன்னு பாத்தா புள்ள பொறக்குமா? போங்க ரெண்டு பேரும் கெணத்தடிக்கு. எவனும் வராம நான் நிக்கிறேன்."

கிணற்றடியில் எழிலரசி பையிலிருந்து இரண்டு குழாய் எடுத்தாள். ஒன்றை அகிலாண்டத்திடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தன் வாயருகே வைத்துக்கொண்டாள். அகிலாண்டம் திகைத்துப் பார்த்தாள். நீங்கள் ஒருத்தி மட்டும் கூசிக்கொண்டு நிற்க வேண்டாம், நானும் துப்புகிறேன் என்று எழிலரசி முதலில் துப்பப் பார்த்தாள். வரவில்லை, வாய் வறண்டு கிடந்தது. புளியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருவரும் மாங்காயை நினைத்தார்கள், ஊறுகாயை நினைத்தார்கள். ஒரு கட்டத்தில் அகிலாண்டத்துக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரிக்காதீங்கக்கா, நுரைதான் வரும் என்று சொல்லிவிட்டு எழிலரசியும் சிரித்தாள். உள்ளேயிருந்து சிவகுரு, யாரு என்று குரல் கொடுத்தார். நீ படுடா என்று அன்னபூரணி ஒரு அதட்டல் போட்டாள். குழாய் மெல்ல மெல்ல நிறைந்தது.

அன்றைக்கு முழுக்க எழிலரசி சோதனைக்கூடத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் இயந்திரம் இரண்டு எண்களையும் காட்டியது. அவளுடையது ஒழுங்காக இருந்தது. அகிலாண்டத்துடையது அதைப்போலப் பல மடங்கு. நடனசபாபதி எட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு அவளுக்குத் தன் கையாலேயே டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

மறுநாள் எழிலரசி கீழவீதிக்குப் போய் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள். சினைப்பையில் தப்பில்லை, மேலே ஒரு சுரப்பியில் பிறவிக் கோளாறு. புதுச்சேரியில் மணவாளன் என்று ஹார்மோன் டாக்டர் இருக்கிறார், அவர் ஊசி போட்டு ரத்தம் பார்த்து உறுதி செய்வார், அதற்கப்புறம் மாத்திரை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம். சிவகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று எழிலரசி எதிர்பார்த்திருந்தாள். அகிலாண்டம் சந்தோஷப்படவில்லை. அவள் முகம் இறுகிப்போயிற்று.

"அப்ப ஏற்கெனவே என்ன ரெண்டு தடவ கிழிச்சாங்களே, அது எதுக்கு மேடம்?"

தேவையே இருந்திருக்காதுக்கா என்று எழிலரசி உள்ளதைச் சொல்லிவிட்டாள். அகிலாண்டம் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அன்னபூரணி மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்ததும் அகிலாண்டம் எழுந்து போய், மடித்து வைத்த ஆஸ்பத்திரித் துணிகளைப் பீரோவுக்குள் திரும்ப வைத்தாள்.

மணவாளன் உறுதி செய்தார். மாத்திரை மிளகளவுதான் இருந்தது. இத்தனூண்டா என்று சிவகுருவுக்கு அதன்மேல் நம்பிக்கையே வரவில்லை. அது ஸ்டீராய்டு, சாப்பிட்டால் உடம்பு பலூனாக ஊதும் என்று தெருவில் யாரோ கிளப்பிவிட, அகிலாண்டம் பயந்துபோய் எழிலரசிக்குப் போன் செய்தாள். இது உடம்பில் இல்லாததை ஈடுகட்டுகிற அளவுதான், ஜாஸ்தி இல்லை என்று எழிலரசி பொறுமையாக விளக்கினாள். இரண்டாவது மாதம் விலக்கு வந்தது. மூன்றாவது மாதமும் வந்தது. பதினைந்து வயதுக்கப்புறம் இப்படி வந்ததே இல்லை மேடம் என்று போனில் அகிலாண்டத்தின் குரல் பொங்கியது.

புதிய கிட் வந்தபிறகு எழிலரசி ஆய்வை முதலிலிருந்து ஆரம்பித்தாள். விடிகாலையில் பல் விளக்காமல் போய் நிற்பதும், முதலில் தான் துப்புவதும் அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மேடமே துப்பும்போது எங்களுக்கென்ன என்று பெண்கள் சிரித்துக்கொண்டே துப்பினார்கள். முதுநகரில் இன்னொருத்திக்கும், திருவந்திபுரத்தில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அதே கோளாறு தெரியவந்தது. நடனசபாபதி வந்தவர் போனவரிடமெல்லாம் எங்கள் தப்பு என்று ஆரம்பித்து இந்தக் கதையை ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2011 ஆனியில் தேர் நிலைக்கு வந்த மறுவாரம், அகிலாண்டம் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வு மையத்துக்கு வந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மாத்திர கேக்கல மேடம். இத்தன மாசம் ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தது, பழையபடி நின்னுபோச்சு. சத்தியமா ஒரு வேள விடாம முழுங்கினேன். எல்லாரும் எவ்வளவு பாடுபட்டீங்க, எனக்குத்தான் குடுத்துவெக்கல."

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். அத்தை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றாள். நாலைந்து நாளாக உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வருகிறதாம், சோறு வெந்தால் அந்த வாசனை பிடிக்கவில்லையாம், அதுவும் மாத்திரையின் கோளாறாக இருக்குமோ, அளவைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்டுக்கொண்டே போனாள். விலக்கு நின்றால் நோய் என்று மட்டுமே பத்து வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிற ஒருத்தியிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடக்கூடாது. எழிலரசி அலமாரியிலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை எடுத்துக் கொடுத்து, உள்ளே போய் வாருங்கள் என்றாள்.

அகிலாண்டம் அதைப் பார்த்ததும் கசப்பாகச் சிரித்தாள். வீட்டில் இந்தப் பட்டையை வாங்கி வாங்கி அலுத்து, நிறுத்தியே பல வருஷம் ஆகிறது என்றாள். மேடத்தின் பேச்சைத் தட்டக்கூடாது என்று போனாள். திரும்பி வந்தபோது பட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தான் பார்க்காமலே நீட்டினாள்.

"ஒத்தக் கோடு எனக்குப் பாத்துப் பாத்துப் புளிச்சுப்போச்சு. நீங்களே பாத்துட்டுத் தூக்கிப் போடுங்க."

எழிலரசி வாங்கிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து, அகிலாண்டத்தின் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். பட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரலால் இரண்டு கோட்டையும் தொட்டுக் காட்டினாள். அகிலாண்டம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து எழிலரசியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

"அப்ப இது நோயில்லையா?" என்று கேட்டாள்.

"நோயில்லக்கா," என்றாள் எழிலரசி.